தண்டவாளத்துப் பனி எங்கே போகிறது?

உங்களில் பலர் குடும்பத்தோடு ஹொக்கைடோ போய் வந்திருப்பீர்கள். போகாதவர்களும் நண்பர்கள் அனுப்பிய படங்களையாவது பார்த்திருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மாதம் நாங்களும் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 74 வயதான அப்பா என ஐந்து பேர். சப்போரோவில் பனிச் சிற்பங்களைப் பார்த்தோம். ஒதாருவில் கால்வாய் ஓரம் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் பனியில் விழுந்து புரண்டார்கள்.

அப்பாவுக்கு இதில் எதிலும் மனம் ஒட்டவில்லை. மூன்று சட்டை, அதன் மேல் ஒரு குளிர்கோட்டு, தலையில் என் மகளின் கம்பளித் தொப்பி. அந்தக் கோலத்தில் ஓட்டல் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே தெரிந்த ரயில் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை பசியாறும்போது கேட்டார்:

"ராத்திரி முழுக்கக் கொட்டுச்சே, காலையில மொத வண்டி எப்படிடா நேரத்துக்குப் போச்சு? லயன யாரு துப்புரவு பண்ணது?"

அப்பா ரயில் பாதைப் பராமரிப்புத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். பகாங் காட்டுக்குள் போகும் ஒற்றைப் பாதையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை. சிலிப்பர் கட்டை மாற்றுவது, ஜல்லி அள்ளிப் போடுவது, மழைக்காலத்தில் சரிந்து விழும் மண்ணை அகற்றுவது என்று காலம் போனது. பள்ளிக்கூடப் பாரங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'ரயில்வே' என்று மட்டும் எழுதுவேன். அதற்கு மேல் நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கைப்பேசியில் தேடினேன். வடக்கே நயோரோ என்ற ஊரில், பனி அகற்றும் பழைய ரயில் ஒன்றை முழுதாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மறுநாள் மனைவியும் பிள்ளைகளும் பனிச்சறுக்குக்குப் போக, அப்பாவும் நானும் ரயில் ஏறினோம். அந்த ஒரு நாளில் பார்த்ததையும், ஊர் திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பார்க்கப் பஞ்சு, தள்ளினால் பாரம்

வண்டி ஏறுவதற்கு முன் அப்பா மேடை ஓரம் குனிந்து தண்டவாளத்தைக் கண்ணாலேயே அளந்தார். "நம்ம லயன் மாதிரிதான். ஒரு பொடி அகலம் கூட" என்றார். கணக்கு சரி. மலேசிய ரயில் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். ஹொக்கைடோவின் சாதாரண ரயில் பாதை 1,067 மில்லிமீட்டர். நான்கு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை.

ஆனால் அவர்களுக்கு இருக்கும் தலைவலி நமக்கு இல்லை. வெண்பனி விழும்போது பஞ்சு மாதிரி இருக்கிறது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் பாதை, மூன்று மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் பனி. மொத்தம் 1,500 கன மீட்டர். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால், அது 150 டன். அதே அரை மீட்டர், காற்றில் அடிபட்டு இறுகிய பனியாக இருந்தால் கன மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். அப்போது 450 டன். நம்மூர் மைவி கார் ஏறத்தாழ ஒரு டன். ஆக, ஒரே ஒரு கிலோமீட்டர் பாதையில் 450 மைவி கார்களை அடுக்கி வைத்ததற்குச் சமம்.

எடை மட்டும் பிரச்சினை இல்லை. ரயில் சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு உண்டு. வண்டி பாதையை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். சாலை குறுக்கிடும் லெவல் கிராசிங்கில் அந்த விளிம்பு ஓடுவதற்குத் தண்டவாளத்தை ஒட்டி ஒரு குறுகிய பள்ளம் விட்டிருப்பார்கள். கார்களும் லாரிகளும் ஏறி ஏறி, அந்தப் பள்ளத்தில் பனி கல் போல இறுகிவிடும். சக்கரம் அதன் மேல் ஏறினால் வண்டி தடம் புரளும்.

ஆகவே இந்த வேலையில் முதல் விதி, பனி இறுகுவதற்குள் முந்திக்கொள்வது.

ஆப்பும் இறக்கையும்

முந்திக்கொள்ளும் வேலையைச் செய்வது பனிக்கலப்பை. வடிவத்தில் இது ஓர் ஆப்பு. கப்பலின் முன்பக்கத்தைத் தண்டவாளத்தின் மேல் வைத்தது போல இருக்கும். வண்டி ஓடும் வேகத்தில் பனி அந்த ஆப்பின் மேல் ஏறி, வளைந்து, பக்கவாட்டில் தூரப் போய் விழும். ஜப்பானில் இதற்கு 'ரஸ்ஸல்' என்று பெயர். ரஸ்ஸல் என்பது இந்தக் கலப்பைகளைச் செய்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர். நாம் எந்த உடனடி மீயையும் 'மெகி' என்று சொல்வது போல, அங்கே அதுவே பொதுப்பெயராகிவிட்டது.

ஒற்றைப் பாதையில் ஓடும் கலப்பை இரண்டு பக்கமும் பனியைத் தள்ளும். இரட்டைப் பாதையில் அப்படிச் செய்ய முடியாது. நம் பாதையைச் சுத்தம் செய்து பக்கத்துப் பாதையை மூடிவிடுவோம். அங்கே ஓடும் கலப்பையின் முகம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். எல்லாப் பனியையும் வெளிப்பக்கமாகவே எறியும்.

கலப்பையின் இருபுறமும் மடக்கி விரிக்கும் இறக்கைகள் உண்டு. திறந்த வெளியில் அவற்றை விரித்தால் பாதையின் ஓரம்வரை பனியை ஒதுக்கலாம். பாலம், நடைமேடை, சிக்னல் கம்பம் வந்தால் உடனே மடக்க வேண்டும். அடியில், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, மட்டத்துக்குக் கீழே இறங்கிச் சுரண்டும் கத்தி ஒன்றும் இருக்கும். சக்கர விளிம்பு ஓட வழி விடுவது அதன் வேலை. லெவல் கிராசிங்கிலும், பாதை பிரியும் இடத்திலும் அந்தக் கத்தியைத் தூக்காவிட்டால் அது எதிலாவது மாட்டிக்கொள்ளும்.

இதனால் பனிக்கலப்பையை ஒரே ஆள் ஓட்டுவதில்லை. ஒருவர் எஞ்சினைப் பார்ப்பார். இறக்கையையும் கத்தியையும் இயக்க வேறு ஆள். கொட்டும் பனியில் எதிரே வருவது பாலமா, கிராசிங்கா என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காகப் பாதை ஓரம் சின்னச் சின்னப் பலகைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவகைப் பலகை வந்தால் இறக்கையை மடக்க வேண்டும், இன்னொரு வகை வந்தால் கத்தியைத் தூக்க வேண்டும். பயணிகளில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அப்பா கவனித்தார். அசாஹிகாவா தாண்டி வண்டி வயல்வெளியில் ஓடும்போது ஜன்னலில் விரல் வைத்துக் காட்டினார். "அது நமக்கு இல்ல, வேலைக்காரனுக்கு எழுதின கடுதாசி."

தள்ள இடம் இல்லாவிட்டால்?

கலப்பைக்கு ஒரு பலவீனம் உண்டு. அது பனியை ஒழிப்பதில்லை. பக்கத்தில் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். டிசம்பரில் தள்ளிய பனியின் மேல் ஜனவரியில் தள்ளியது ஏறும். பிப்ரவரியில் பாதையின் இருபுறமும் சுவர் எழுந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு வேகமாக ஓடினாலும், எறிந்த பனி சுவரில் மோதித் திரும்பப் பாதையிலேயே விழும். இறுகிய பனியில் வேகமாக மோதினால் கலப்பையே மேலே ஏறித் தடம் புரளவும் கூடும்.

இதை நான் சொன்னதும் அப்பா சிரித்தார். "மண்ணும் அப்படித்தான். அள்ளுறது பெரிசில்ல. எங்க கொண்டு போயி கொட்டுறதுங்கறதுதான் வேலை. பக்கத்துலயே கொட்டினா அடுத்த மழைக்குத் திரும்பி வந்துரும்."

நயோரோவில் இருப்பது இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த பதில்தான். பெயர் 'கிமாரோக்கி'. நான்கு வண்டிகளின் ஜப்பானியப் பெயர்களிலிருந்து முதல் எழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர். 'கி' என்றால் கிகான்ஷா, அதாவது நீராவி எஞ்சின். 'மா' மாக்லே வண்டி. 'ரோ' ரோட்டரி வண்டி. கடைசியில் இன்னொரு 'கி', இன்னொரு எஞ்சின்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. முன்னால் போகும் எஞ்சின் மாக்லே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். கலப்பை செய்வதற்கு நேர் எதிரானதை மாக்லே செய்யும். தன் அகன்ற இறக்கைகளால் இருபுறச் சுவர்களையும் சுரண்டி, பனியைப் பாதையின் நடுவுக்கே இழுத்துப் போடும். கிறுக்குத்தனமாகத் தோன்றுகிறதா? பின்னாலேயே ரோட்டரி வருகிறது. அதன் முகத்தில் ஒரு பெரிய சுழல் சக்கரம். நடுவில் குவிந்த பனியை அது வெட்டி விழுங்கி, மேலே இருக்கும் குழாய் வாய் வழியாகச் சுவரைத் தாண்டித் தூர வீசும். அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவது இரண்டாவது எஞ்சின். சுவர் கரைந்து, அடுத்த பனிக்கு மறுபடியும் இடம் கிடைத்துவிடும்.

இவ்வளவும் படித்துவிட்டு, டாக்சி பிடித்து, மூச்சு ஆவியாகப் போகும் குளிரில் அருங்காட்சியகத்துக்குப் போய் இறங்கினோம். கிமாரோக்கி அங்கேதான் இருந்தது. ஆனால் முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டியிருந்தார்கள்! குளிர்காலத்தில் பனியிலிருந்து பாதுகாக்க மூடி வைப்பார்களாம். வசந்தத்தில்தான் திறப்பார்களாம். பனியோடு சண்டை போடப் பிறந்த வண்டி, பனிக்குப் பயந்து போர்த்திக்கொண்டு நின்றது. அப்பா அந்தப் பயணத்தில் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். கைப்பேசியில் இருந்த கோடைக்காலப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அந்தத் தார்ப்பாய்க்கு முன்னால் நின்றுகொண்டே விளக்கினேன்.

பல் மருத்துவரின் யோசனை

ரோட்டரியின் கதை ஒரு பல் மருத்துவரிடம் தொடங்குகிறது. கனடாவின் டொரோண்டோவில் இருந்த ஜே. டபிள்யூ. எலியட் என்ற பல் மருத்துவர் 1869இல் இந்தச் சுழல் சக்கர யோசனைக்குக் காப்புரிமை எடுத்தார். ஆனால் அதை அவர் கட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒன்டாரியோ மாநிலத்தின் ஆரஞ்ச்வில் ஊரைச் சேர்ந்த ஆரஞ்ச் ஜல் என்பவர் அந்த யோசனையை வளர்த்தார். சிறிய மாதிரிகளைச் செய்து மணலில் ஓட்டிப் பார்த்தார். பனி விழும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை போலும். 1883-84 குளிர்காலத்தில் டொரோண்டோவின் லெஸ்லி சகோதரர்கள் முழு அளவிலான முதல் வண்டியைக் கட்டினார்கள். அது வெற்றி பெற்றது.

ரோட்டரி வண்டிக்குள் ஒரு பெரிய எஞ்சின் இருந்தாலும், பெரும்பாலான ரோட்டரிகள் தாமாக நகராது. உள்ளே இருக்கும் சக்தி முழுவதும் சுழல் சக்கரத்துக்கே போகிறது. நகர்த்துவதற்குப் பின்னால் தனி எஞ்சின் வேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்னினா மலைப்பாதைக்கு 1910இல் கட்டிய நீராவி ரோட்டரி இதற்கு ஒரு விதிவிலக்கு. 2,253 மீட்டர் உயரம் ஏறும் அந்தப் பாதையில் அது தன் காலிலேயே நகர்ந்தது. இன்றைக்கும் இயங்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள்.

கலப்பை ஓட வேண்டும், ரோட்டரி ஊர வேண்டும். கலப்பையால் முடியாத ஆழத்தை ரோட்டரி சமாளிக்கும். ஆனால் எரிபொருளையும் ஆட்களையும் நிறைய விழுங்கும். அதனால்தான் பல நாடுகளில் ரோட்டரியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மற்ற எல்லாம் கைவிட்ட பிறகுதான் அது வெளியே வரும்.

ரோட்டரிக்கும் ஒரு பகை உண்டு. மலையிலிருந்து சரியும் பனி தனியாக வருவதில்லை. மரத்தையும் பாறையையும் சேர்த்து உருட்டிக்கொண்டு வரும். ஒரு மரக்கட்டை உள்ளே போனால் சுழல் சக்கரத்தின் தகடுகள் உடைந்துபோகும். அங்கே மறுபடியும் மனிதன்தான் மண்வெட்டியோடு இறங்க வேண்டும்.

இரண்டாவது சரிவு

1910ஆம் ஆண்டின் அந்த ஒரு வாரத்தை வட அமெரிக்க ரயில்வேக்காரர்கள் மறப்பதில்லை. மார்ச் 1ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வெல்லிங்டன் என்ற மலை ஊரில் பனியால் நின்றுபோயிருந்த இரண்டு ரயில்களின் மேல் பனிச்சரிவு இறங்கியது. இறந்தவர்கள் 96 பேர். ரோட்டரிகளைக் கொண்டு பல நாட்கள் போராடியும் அந்தப் பாதையைத் திறக்க முடியாமல் போயிருந்தது.

மூன்று நாள் கழித்து, மார்ச் 4ஆம் தேதி இரவு, கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் ஒரு மலையிலிருந்து விழுந்த சரிவைத் தொழிலாளர்கள் அகற்றிக்கொண்டிருந்தார்கள். ரோட்டரி ஒன்றும் அங்கே இருந்தது. பனியில் மரங்கள் கலந்திருந்ததால் ஆட்கள் குழிக்குள் இறங்கி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது எதிர்ப்புற மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்தது. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியர்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்து போய்ப் பாதை வேலை பார்த்தவர்கள். அதற்குப் பிறகு அந்த ரயில் நிறுவனம் கணவாயையே கைவிட்டு, மலைக்கு அடியில் கனாட் சுரங்கப் பாதையைத் தோண்டியது. 1916இல் ரயில்கள் அதற்குள் ஓடத் தொடங்கின.

இதை நயோரோ நிலையத்தின் காத்திருப்பு அறையில், ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் படித்து அப்பாவுக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"ரெண்டாவது சரிவுதான்டா ஆளக் கொல்லும். மொதல்ல விழுந்தத எல்லாரும் பாக்குறாங்க. தலைக்கு மேல இன்னும் மிச்சம் இருக்கறத யாரும் பாக்கறதில்ல."

எனக்கு அப்போது ஆறு வயது இருக்குமாம். ஒரு டிசம்பர் மழையில், சரிந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்த இடத்தில் மேட்டின் மிச்சமும் இறங்கியிருக்கிறது. மண்டோர் சத்தம் போட்டதும் எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். "ஆறு பேர் போனோம். அஞ்சு பேர் வந்தோம்" என்றார். அந்த ஆறாவது ஆளை எனக்குத் தெரியும். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு மத்தாப்பு வாங்கி வருவார். ஒரு வருடம் வரவில்லை. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகத்தான் நாற்பது வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரும் நெருப்பும்

எல்லா இடத்திலும் பனியைத் தள்ளித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. 1964இல் தொடங்கிய தொக்காய்டோ ஷின்கான்சென் பாதையில் செகிகஹாரா என்ற பகுதியில் பனி அதிகம். அங்கே சிக்கல் ஆழம் அல்ல, வேகம். வேகமாகப் போகும் வண்டி கிளப்பும் பனி வண்டியின் அடிவயிற்றில் ஒட்டிக் கட்டியாகிவிடும். வெயில் உள்ள பகுதிக்கு வந்ததும் அந்தக் கட்டி பெயர்ந்து விழுந்து ஜல்லியைத் தெறிக்கவிடும். அது ஜன்னல் கண்ணாடியைக்கூட உடைக்கும். அதற்கு அவர்கள் செய்தது, பாதை ஓரம் தண்ணீர்த் தெளிப்பான்களை வைத்துப் பனியை நனைத்துவிடுவது. நனைந்த பனி பறக்காது. வண்டியின் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறார்கள். 1982இல் தொடங்கிய ஜொயெட்சு ஷின்கான்செனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கடும் பனிப் பகுதியில் சூடேற்றிய தண்ணீரைத் தெளித்து, பனியைக் கரைத்து, ஓடி வரும் தண்ணீரைச் சேர்த்து மறுபடியும் பயன்படுத்துகிறார்கள்.

பாதை பிரியும் இடத்தில் நகரும் தண்டவாளத்துக்கும் நிலைத் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பனிக்கட்டி மாட்டினால் போதும், பாதை மாறாது. ஒரு கைப்பிடி பனி ஒரு நிலையத்தையே நிறுத்திவிடும். அதற்காக அங்கே மின்சார ஹீட்டர் வைக்கிறார்கள், காற்றைப் பீய்ச்சுகிறார்கள். சிகாகோவில் கடுங்குளிர் நாட்களில் தண்டவாளம் தீப்பிடித்து எரிவது போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். எரிவது தண்டவாளம் அல்ல, அதன் ஓரத்தில் வைத்த எரிவாயு அடுப்பு. அமெரிக்காவின் சில ரயில் பணிமனைகளில் பழைய ஜெட் விமான எஞ்சினை வண்டியில் ஏற்றி, சூடான காற்றால் பனியை ஊதித் தள்ளுகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும், கடைசியாகத் துடைப்பத்தோடு போய்க் கூட்டுகிற ஒரு தொழிலாளி எல்லா நாட்டிலும் இருக்கிறார்.

யாருக்காக ஓடுகிறது?

நயோரோவிலிருந்து ஜப்பானின் வடகோடியான வக்கனாய் வரை 183 கிலோமீட்டர். இது சோயா பாதையின் வடபகுதி. ஒரு நாளைக்கு மிகச் சில பயணிகள் ரயில்கள்தான் ஓடுகின்றன. ஊர்களில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2016இல் ஹொக்கைடோ ரயில் நிறுவனம், தன்னால் மட்டும் தாங்க முடியாது என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் இருந்தவை சுமார் 1,237 கிலோமீட்டர் பாதைகள். இந்த 183 கிலோமீட்டரும் அதில் உண்டு.

ஆனாலும் அந்தப் பாதையில் குளிர்காலம் முழுவதும் பனிக்கலப்பை ஓடுகிறது. பனி கொட்டிய நாளில் மட்டும் அல்ல. கால அட்டவணைப்படி, ஒரு ரயில் போலவே ஓடுகிறது. அதன் ரயில் எண்ணுக்கு முன்னால் 'யூக்கி', அதாவது பனி, என்ற எழுத்து இருக்கும். பயணிகள் ஏற மாட்டார்கள், சரக்கும் இல்லை. அதன் பிழைப்பே பின்னால் வருகிற வண்டிக்கு வழி விடுவதுதான்.

இன்று பனி குறைவுதானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏன் விட முடியாது? 2018 ஜனவரி 11ஆம் தேதி மாலை, நிகாதா மாநிலத்தில் நான்கு பெட்டிகள் கொண்ட ஒரு பயணிகள் ரயில் முன்னால் குவிந்த பனியில் சிக்கி நின்றது. உள்ளே ஏறத்தாழ 430 பேர். உட்கார இடம் இல்லாமல் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். மறுநாள் காலை வண்டி மறுபடியும் நகர்வதற்குள் சுமார் 15 மணி நேரம் ஓடிவிட்டது. அது மலைக்காடு அல்ல, ஊர்கள் நிறைந்த சமவெளி. 1952 ஜனவரியில் கலிபோர்னியாவின் சியரா மலையில் சிக்கிய 'சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' ரயிலில் 226 பேர் மூன்று நாட்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். மீட்கப் போன பனி அகற்றும் வண்டிகளே பாதையோடு உறைந்து நின்றுவிட்டன. பனியை முந்தாவிட்டால் அதைத் துரத்திப் பிடிப்பது கடினம்.

நாங்கள் திரும்புவதற்காக மேடையில் நின்றுகொண்டிருந்தபோது வடக்கிலிருந்து அது வந்தது. முதலில் தெரிந்தது வண்டி அல்ல, வெள்ளைப் புகை போல எழும்பிய பனி. பிறகு விளக்குகள். பிறகு கறுப்பு ஆப்பு, பின்னால் செம்மஞ்சள் நிற டீசல் எஞ்சின். நிலையத்தை நெருங்கியதும் பனித்தூள் சட்டென்று அடங்கியது.

"ரெக்கைய மடக்கிட்டான் பாரு" என்றார் அப்பா.

மெதுவாக எங்களைத் தாண்டிப் போனது. முகம் முழுக்கப் பனி அப்பியிருந்தது. அதன் ஜன்னலில் மட்டும் துடைப்பான் ஓடிய இடம் அரை வட்டமாகத் தெளிவாக இருந்தது. உள்ளே தொப்பி போட்ட ஓர் ஆள். மேடையில் இருந்த இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் கேமராவைத் தூக்கினார்கள். அப்பா கையுறையைக் கழற்றினார். வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கை தெரிய நின்றார். பாதை வேலை செய்கிறவர்கள் ஒதுங்கி நின்று, வண்டி ஓட்டிக்கு 'நாங்கள் பார்த்துவிட்டோம், நீ போகலாம்' என்று காட்டும் சைகை அது. உள்ளே இருந்தவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு வெள்ளைக் கையுறை போட்ட கை ஒன்று எழுந்து இறங்கியது.

நீங்கள் ஹொக்கைடோ போனால், நயோரோ வரை போக நேரம் இல்லாவிட்டாலும், ஒதாரு நகர அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய பனி அகற்றும் வண்டிகள் அங்கேயும் இருக்கின்றன. வெளியில் நிற்கும் வண்டிகளைப் பார்க்க வெயில் காலம்தான் நல்லது. கிமாரோக்கியைப் பார்க்க விரும்பினால், எங்களைப் போல பிப்ரவரியில் போய்த் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

எங்கள் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. உட்கார்ந்ததும், அந்த ஆறாவது ஆளின் பெயரைக் கேட்டேன். அப்பா சொன்னார். ஊர், பிள்ளைகள், அவர் பாடும் பாட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அசாஹிகாவா வரும்வரை ஜன்னல் பக்கம் அவர் திரும்பவே இல்லை.